ட்ரெய்லர் சக்கரத்துக்கு இரண்டு மூடி: பேரிங் பட்டியோடு ஒரு வருஷம்

ஸ்ட்ரைப்ட் பாஸ் என்கிற கடல்மீனைப் பிடிக்கக் கிளம்புகிறவர்களிடம் என்ன தயார் செய்தீர்கள் என்று கேட்டால் தூண்டில் தடி, ரீல், எஞ்சின் ஆயில், ஐஸ் பெட்டி என்று சொல்லிக்கொண்டே போவார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். இங்கே நான் எழுதப்போவது உள்ளங்கையில் அடங்குகிற ஒரு ஜோடி உலோக மூடியைப் பற்றி. பெயர் பேரிங் பட்டி (Bearing Buddy); பேரிங் என்றால் சக்கரம் உரசாமல் சுழல உதவும் உருளை வளையம். ஜோடி 30 டாலருக்குள் வாங்கினேன். படகு ட்ரெய்லரின் சக்கர ஹப், அதாவது பேரிங்குகள் உட்காரும் சக்கரக் குடம், அதன் நடுவில் தட்டி மாட்டுகிற சாதனம் இது. ஒரு வருஷம் உப்புத் தண்ணீரில் முக்கி எடுத்த பிறகு, நியூ ஜெர்சியிலிருந்து மாசசூசெட்ஸின் கேப் காட் வரை போய்வந்த பிறகு எழுதுகிறேன்.

முதலில், இதை ஏன் வாங்க நேர்ந்தது என்று சொல்லிவிடுகிறேன்.

என்னிடம் இருப்பது 18 அடி அலுமினியப் படகு, 90 குதிரைத் திறன் அவுட்போர்டு. ஒற்றை ஆக்சில் ட்ரெய்லர், 3,500 பவுண்டு தாங்கும். படகையும் ட்ரெய்லரையும் சேர்த்தே பழசாக வாங்கினேன். விற்றவர் "பேரிங் எல்லாம் புதுசு, மூணு வருஷத்துக்குத் தொடவே வேண்டாம்" என்றார். முன் மூடியைக் கழற்றிக் காட்டினார். உள்ளே பளபளவென்று புது கிரீஸ். நம்பிவிட்டேன்.

போன வருஷம் ஜூன். எடிசனிலிருந்து விடிகாலை 3 மணிக்குக் கிளம்பினோம், நானும் என் மச்சினனும். படகோடு நியூயார்க் நகருக்குள் நுழைய மனசில்லாமல் 287-ஆம் நெடுஞ்சாலை வழியாகச் சுற்றி, மாரியோ குவோமோ பாலத்தில் ஹட்சன் ஆற்றைத் தாண்டி, ரை என்ற ஊர்ப் பக்கம் 95-ஆம் நெடுஞ்சாலையைப் பிடிக்கிற வழி. சுமார் 300 மைல். கனெக்டிகட்டில் ஜிபிஎஸ் மெரிட் பார்க்வேக்குத் திருப்பப் பார்க்கும். ட்ரெய்லர் இழுப்பவர்கள் அதன் பேச்சைக் கேட்கவே கூடாது. அந்தச் சாலையில் ட்ரெய்லருக்கு அனுமதி கிடையாது, பாலங்களும் தாழ்வு. 95-இலேயே போனோம். பிரான்ஃபோர்ட் தாண்டிக் கொஞ்ச தூரம். மச்சினன் பக்கக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே வந்தவன் சொன்னான்: "அத்தான், வலது பக்கச் சக்கரத்துல புகை மாதிரி வருது."

ஓரம் கட்டினேன். சக்கரம் மேல்பக்கம் உள்ளே சாய்ந்து நின்றது. ஹப்புக்கு அருகே கையைக் கொண்டுபோனபோதே அனல் அடித்தது. இழுவை வண்டி வந்து, பட்டறைக்குப் போய், ஹப்பைக் கழற்றியபோது நான் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். முன்பக்க பேரிங்கில் புது கிரீஸ் இருந்தது. பின்பக்க பேரிங்கில் இருந்ததை கிரீஸ் என்று சொல்ல முடியாது. துருவும் தண்ணீரும் சேர்ந்து குழைந்த செம்மண் சேறு. உருளைகள் நீலம் பாய்ந்து கருத்திருந்தன. அவற்றைப் பிடித்து வைக்கும் கூண்டு உடைந்து துண்டுகளாக விழுந்தது. விற்றவர் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் மட்டும் கிரீஸ் தடவியிருக்கிறார்.

இழுவைக் கூலி, புது ஹப், விடுதி வாடகை, போட்ட லீவு, எல்லாம் போயிற்று. கேப் காட் விரிகுடாவில் அந்த வாரம் மீன் நன்றாக ஓடியது என்று பிறகு கேள்விப்பட்டபோது வந்த வயிற்றெரிச்சல் இன்னும் ஆறவில்லை.

சரி, அது எப்படி நடந்தது? இதைப் புரிந்துகொண்டால்தான் இந்த மூடியின் அருமை தெரியும். நெடுஞ்சாலையில் பல மணி நேரம் ஓடிய ஹப் சூடாக இருக்கும். உள்ளே இருக்கும் காற்றும் சூடாகி விரிந்திருக்கும். நாம் நேராக ரேம்ப்புக்கு, அதாவது படகை இறக்கும் சரிவுத்தளத்துக்குப் போய் பின்னால் ஓட்டி, அந்தச் சூடான ஹப்பை வசந்த காலத்துக் கடல் தண்ணீரில் முக்குகிறோம். ஒரே நொடியில் உள்ளிருக்கும் காற்று சுருங்குகிறது. சுருங்கினால் வெளியிலிருந்து எதையாவது இழுக்கும். வெளியே இருப்பது உப்புத் தண்ணீர். பின்பக்க ரப்பர் சீல் வழியாக உள்ளே வந்துவிடும். ஒவ்வொரு முறை படகை இறக்கும்போதும் ஒரு வாய் தண்ணீர். காரின் சக்கரத்துக்கு இந்தப் பிழைப்பே கிடையாது. வேறு எந்த ட்ரெய்லரும்கூட இப்படிச் சூட்டோடு கடலில் முங்குவதில்லை.

பேரிங் பட்டி செய்வது எளிமையான வேலை. சாதாரணத் தூசி மூடிக்குப் பதிலாக இது உட்காரும். உள்ளே ஒரு பிஸ்டன், அதன் மேல் ஒரு ஸ்பிரிங். நடுவில் இருக்கும் முனையில் கிரீஸ் கன்னை மாட்டி அழுத்தினால் ஹப் முழுக்க கிரீஸ் நிறைந்து பிஸ்டன் வெளியே நகரும். ஸ்பிரிங் அதை உள்ளே தள்ளிக்கொண்டே இருப்பதால் ஹப்புக்குள் சுமார் 3 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு 3 பவுண்டு) அழுத்தம் நிற்கும். ரேம்ப்பில் ஹப் 2 அடி ஆழத்துக்குப் போனால் தண்ணீர் கொடுக்கும் அழுத்தம் 1 பிஎஸ்ஐகூட வராது. ஆக உள்ளே இருப்பது வெளியே வரப் பார்க்குமே தவிர, வெளியே இருப்பது உள்ளே வராது. உள்ளே காற்றே இல்லாததால் சுருங்கி இழுப்பதற்கும் ஒன்றும் இல்லை. இதில் மின்சாரம், பேட்டரி, ஆப் எதுவும் கிடையாது. ஸ்பிரிங், பிஸ்டன், கிரீஸ், அவ்வளவுதான். இந்த எளிமைதான் எனக்கு முதலில் பிடித்தது.

வாங்கும்போது அளவில் கவனம் வேண்டும். பழைய தூசி மூடியைக் கழற்றிவிட்டு ஹப் துளையின் உள்விட்டத்தைக் காலிப்பரால் அளக்க வேண்டும். 3,500 பவுண்டு ஆக்சிலில் அதிகம் காணப்படுவது 1.98 அங்குலம். எனக்கும் அதுதான். சின்ன ட்ரெய்லர்களில் 1.781 அங்குலமும் உண்டு. "ஏறக்குறைய சரியாக இருக்கும்" என்று வாங்கினால் என்ன ஆகும் என்று அனுபவத்தில் சொல்கிறேன். முதலில் நான் வாங்கியது இதே மாதிரி இருந்த, பெயர் இல்லாத ஒரு மலிவுச் சரக்கு. பார்வைக்கு வித்தியாசமே தெரியவில்லை. தட்டும்போது கொஞ்சம் சுலபமாகவே உள்ளே போனது. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். போன ஜூலையில் கீபோர்ட் ரேம்ப்பில் இறங்கிப் பார்த்தால் இடது மூடியைக் காணோம். ஹப் வாயைத் திறந்துகொண்டு இருந்தது. 36-ஆம் சாலையில் எங்கோ விழுந்திருக்கிறது. படகை இறக்காமலேயே வீட்டுக்குத் திரும்பினேன். அதற்கடுத்த வாரம்தான் பேரிங் பட்டி வாங்கினேன்.

இதை மாட்டும்போதே கனம் வேறாக இருந்தது. இறுக்கமாக உட்காருகிறது. சுத்தியலால் நேரடியாக அடிக்கக் கூடாது. மேலே ஒரு மரக்கட்டையை வைத்து, சுற்றிச் சுற்றிச் சீராகத் தட்டி இறக்க வேண்டும். ஒரு பக்கமாகச் சாய்ந்து இறங்கினால் வெளியே எடுத்து மறுபடி ஆரம்பிப்பதுதான் நல்லது. முதல் சக்கரத்துக்கு எனக்கு அரை மணி நேரம், இரண்டாவதுக்குப் பத்து நிமிடம்.

ஆனால் மூடியை மட்டும் மாட்டிவிட்டுக் கிளம்பக் கூடாது. கெட்டுப்போன பேரிங் மேல் இதைப் போட்டால் கெட்டுப்போன பேரிங்குக்கு நல்ல மூடி கிடைத்தது, அவ்வளவுதான். நான் இரண்டு ஹப்பையும் முழுதாகப் பிரித்தேன். என் ஆக்சிலுக்கு உள்பக்க பேரிங் எண் எல்68149, வெளிப்பக்கம் எல்44649. பேரிங் மேலேயே பொறித்திருக்கும், படித்துப் பார்த்து வாங்குங்கள். பழைய கிரீஸை மண்ணெண்ணெயில் கழுவி, ஹப் சுழலும் ஆக்சில் முனையான ஸ்பிண்டிலைத் துணியால் துடைத்து, சீல் உரசும் இடத்தில் பள்ளம் விழுந்திருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பார்த்தேன். வழுவழுவென்று இருந்தது. புது பேரிங்கில் கடல் உபயோகத்துக்கான கிரீஸை உள்ளங்கையில் வைத்து, பேரிங்கின் அகன்ற பக்கத்தை அதில் அழுத்தி அழுத்தி இழுத்து, மறுபக்கம் உருளைகளுக்கு நடுவே கிரீஸ் புழுப்புழுவாகப் பிதுங்கி வரும்வரை அடைத்தேன். கையால் செய்கிற வேலையில் எனக்கு மிகவும் பிடித்தது இது. புதுச் சீல் போட்டு, சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்கி, பிறகு தளர்த்தி, விரலால் மட்டும் இறுக்கி, நட்டு கழலாமல் பிடிக்கும் கோட்டர் பின் போட்டேன். அதற்குப் பிறகுதான் பேரிங் பட்டி. ஒரு வகை கிரீஸ் போட்டால் கடைசிவரை அதையே போடுங்கள். சில வகைகள் ஒன்றோடொன்று சேராமல் இளகித் தண்ணீராகிவிடும்.

அதிகமாகப் பம்ப் செய்வது இதில் எல்லோரும் செய்கிற தவறு. நானும் முதல் தடவை ஆசையில் நாலைந்து அழுத்து கூடுதலாக அழுத்தினேன். பின்பக்க சீலின் ஓரத்தில் கிரீஸ் கசிந்து சக்கரத்தின் உள்பக்கம் தெறித்திருந்தது. சீல் நகர்ந்துவிட்டதோ என்று மறுபடி பிரிக்க வேண்டியதாயிற்று. என் ட்ரெய்லரில் பிரேக் கிடையாது. பிரேக் உள்ளவர்களுக்கு அந்த கிரீஸ் பிரேக் மேலேயே போய்விடும். பிஸ்டனின் ஓரத்தை விரலால் அழுத்திப் பாருங்கள். லேசாக அசைந்து கொடுத்தால் கிரீஸ் போதும். அசையவே இல்லாமல் உள்ளே ஒட்டிக் கிடந்தால் மெதுவாக ஓரிரு அழுத்து போடுங்கள்.

போன வருஷம் ஆகஸ்டிலிருந்து டிசம்பர் வரை ராரிட்டன் விரிகுடாவில் பதினைந்து தடவைக்கு மேல் படகை இறக்கியிருப்பேன். குளிர்காலத்தில் ஒரு ஹப்பைத் திறந்து பார்த்தேன். நான் வைத்த கிரீஸ் வைத்த நிறத்திலேயே இருந்தது. விரலில் எடுத்துத் தேய்த்தால் மணல் இல்லை, தண்ணீர்த் துளி இல்லை. அந்தக் கட்டை விரலை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றேன். இந்த ஜூனில் மறுபடி கேப் காட் போகலாம் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

மற்ற தயாரிப்புகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். படகில் கியர் ஆயிலை இறக்கிப் பார்த்தேன். பால் கலந்த காபி நிறத்தில் வந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது என்று பொருள், எனக்குச் சுத்தமாக வந்தது. தண்ணீர் பிரிக்கும் எரிபொருள் ஃபில்டர் புதிது; எத்தனால் கலந்த பெட்ரோலைக் குளிர்காலம் முழுக்க வைத்திருந்தால் இது கட்டாயம். படகின் அடியில் சேரும் தண்ணீரை இறைக்கும் பில்ஜ் பம்ப்பின் மிதவையைக் கையால் தூக்கிப் பார்த்தேன், ஓடியது. சிக்னல் வெடிகளின் காலாவதி தேதி, லைஃப் ஜாக்கெட், விஎச்எஃப் ரேடியோ, பிறகு ஓட்டுபவர் விழுந்தால் எஞ்சினை நிறுத்தும் கில் சுவிட்ச் கயிறு. 2021 ஏப்ரல் முதல் 26 அடிக்குக் குறைந்த படகுகளில் அந்தக் கயிற்றை மாட்டிக்கொண்டு ஓட்டுவது அமெரிக்க மத்தியச் சட்டம். பிக்கப் ட்ரக்கில் டிரான்ஸ்மிஷன் ஆயில், பிரேக், பின் டயர்கள். ட்ரெய்லர் டயரில் வாரமும் வருஷமும் சேர்ந்த நான்கு இலக்கத் தேதியைப் படித்தேன். ஒரு டயர் பழசாகிவிட்டதால் மாற்றினேன். காற்று, டயரின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் முழு அழுத்தத்துக்கு, டயர் குளிர்ந்திருக்கும்போது. பாதுகாப்புச் சங்கிலிகளைக் கொக்கிக்குக் கீழே குறுக்காக மாட்டினேன். சக்கர நட்டுகளை டார்க் ரென்ச்சால் இறுக்கி, 50 மைல் ஓடிய பிறகு நிறுத்தி இன்னொரு முறை இறுக்கினேன். பேரிங், சீல் எல்லாம் பொருத்தித் தயாராக ஒரு முழு ஹப்பையும் பிளாஸ்டிக் பையில் போட்டுப் படகுக்குள் வைத்துக்கொண்டேன்.

இந்த ஜூனிலும் விடிகாலை 3 மணிக்கே கிளம்பினோம். அதே வழி. முதல் நிறுத்தம் டேரியன் சர்வீஸ் பிளாசா. இறங்கியதும் நேராக ஹப்புக்குத்தான் போனேன். கையை வைத்தேன், வைத்தபடியே வைத்திருக்க முடிந்தது. அகச்சிவப்பு வெப்பமானியில் இடது 102 டிகிரி ஃபாரன்ஹீட், வலது 105. இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருப்பதுதான் முக்கியம். ஒன்று மட்டும் எகிறினால் அங்கே ஏதோ கோளாறு. போன வருஷம் நின்ற இடம் வந்தபோது இருவரும் பேசவில்லை. மச்சினன் கண்ணாடியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. தாண்டிய பிறகு ஒரு பெருமூச்சு விட்டான். அடுத்து பிராவிடன்ஸ் தாண்டி 195-ஆம் நெடுஞ்சாலையில் பெட்ரோல் போட நிறுத்தியபோதும் சூடு அவ்வளவேதான்.

சாண்ட்விச் துறைமுகத்து ரேம்ப் கேப் காட் கால்வாயின் கிழக்கு வாசலில் இருக்கிறது. கால்வாய்க்குள் படகிலிருந்து மீன் பிடிக்க அனுமதி இல்லை. உள்ளே நீரோட்டமும் பயங்கர வேகம். இங்கே இறக்கினால் நேராக விரிகுடாவுக்குப் போய்விடலாம். வந்து சேர்ந்ததும் படகைத் தண்ணீரில் தள்ளாமல் இருபது நிமிடம் ஓரமாக நிறுத்தினேன். ஹப் ஆறட்டும். பேரிங் பட்டி இருந்தாலும் இந்த இருபது நிமிடத்தை விட வேண்டாம். அந்த நேரத்தில் படகின் அடித்துளையை அடைக்கும் டிரெயின் பிளக்கைத் திருகினோம், பின் பட்டைகளை அவிழ்த்தோம், ட்ரெய்லர் விளக்கு ஒயரைப் பிடுங்கினோம், மீன் அளக்கும் பலகையை எடுத்து வைத்தோம். அப்புறம் இறக்கினோம்.

முதலில் மேக்கரல் பிடித்தோம். நம்ம ஊர்க் கானாங்கெளுத்தியின் உறவுக்காரன், முதுகில் வரி வரியாக இருக்கும். அதை உயிரோடு சர்க்கிள் ஹுக்கில், முனை உள்பக்கம் வளைந்த வட்டத் தூண்டில் முள்ளில், கோத்து விடுவோம். ஸ்ட்ரைப்ட் பாஸுக்கு இரை கோத்துப் பிடிப்பதானால் சர்க்கிள் ஹுக்தான் சட்டம். மீன் விழுங்கிக் குடலில் மாட்டிக்கொள்ளாமல் வாயோரத்திலேயே மாட்டும், திருப்பி விடும்போது பிழைக்கும். 2023 முதல் கடற்பகுதியில் வைத்துக்கொள்ளக்கூடிய அளவு 28 அங்குலத்திலிருந்து 31-க்குள், ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒன்று. 2022-இல் பிடிப்பு மிகவும் கூடிவிட்டதால், 2015-இல் பிறந்த மீன்களைக் காப்பாற்ற வந்த கட்டுப்பாடு; செசபீக் விரிகுடாவிலும் சில வருஷங்களாகக் குஞ்சு பொரிப்பு மோசம். சரியான கட்டுப்பாடு என்றே நினைக்கிறேன்.

மச்சினனுக்கு முதலில் வந்தது 36 அங்குலம். தாடையைக் கட்டை விரலால் பிடித்துத் தண்ணீரிலேயே வைத்திருந்தேன். அதன் வாய் உப்புத்தாள் மாதிரி சொரசொரவென்று இருக்கும். நாலு மீன் பிடித்தால் கட்டை விரல் தோல் உரிந்துவிடும், அந்தக் காயம் ஒரு வாரம் சுகமாக எரியும். பக்கவாட்டில் ஏழு கறுப்புக் கோடுகள், செதில் ஓரத்தில் வெயில் பட்டு ஊதாவும் பித்தளையுமாக மின்னியது. முன்னும் பின்னும் மெதுவாக அசைத்தேன். வாலை ஒரு முறை அடித்து என் முகத்தில் தண்ணீரை வாரி இறைத்துவிட்டுக் கீழே போனது. மாலையில் 29 அங்குலம் ஒன்று. அதை மட்டும் வைத்துக்கொண்டோம்.

மூன்று நாளில் மூன்று முறை இறக்கி ஏற்றினோம். ஒவ்வொரு மாலையும் நல்ல தண்ணீரால் சக்கரம், ஹப், ஸ்பிரிங் பட்டைகளைக் கழுவினேன். பிஸ்டனை அழுத்திப் பார்த்தேன். மூன்று நாளும் அசைந்து கொடுத்தது. ஒரு சொட்டு கிரீஸ்கூட போட வேண்டியிருக்கவில்லை.

வருஷத்துக்கு ஒரு முறை ஹப்பைப் பிரித்துப் பார்க்கச் சோம்பல்படுகிறவர்கள் இதை வாங்கினால் பயனில்லை. தேய்ந்த சீலையோ பள்ளம் விழுந்த ஸ்பிண்டிலையோ இந்த வகை மூடி எதுவும் காப்பாற்றாது. மண் சாலையில் அடிக்கடி ஓட்டுகிறவர்கள் மேலே போடும் ரப்பர் உறையையும் சேர்த்து வாங்குங்கள். கிரீஸ் முனையில் மணல் ஒட்டினால் அடுத்த பம்ப்பில் அது உள்ளே போய்விடும். நன்னீர் ஏரியில் வருஷத்துக்கு இரண்டு தடவை இறக்குகிறவர்களுக்கு இது இல்லாவிட்டாலும் ஓடிவிடும். கடலில் இறக்கி, பல மணி நேரம் நெடுஞ்சாலையில் இழுக்கிறவர்கள் தயங்காமல் வாங்கலாம். என் கணக்கில் ஐந்துக்கு ஐந்து.

திரும்பி வரும்போது டேரியனில் இரவு பத்து மணிக்கு நிறுத்தினோம். நான் சீட் பெல்ட்டைக் கழற்றுவதற்குள் மச்சினன் இறங்கிப் பின்னால் போய்விட்டான். இரண்டு பக்கமும் மாறி மாறிக் கையை வைத்துப் பார்த்துவிட்டு வந்து ஜன்னலில் எட்டிப் பார்த்தான்.

"வெதுவெதுன்னுதான் இருக்கு அத்தான். போலாம்."